டொலேடோ: பெலீஸின் தென்கோடி விவசாய மாவட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெலீஸ் என்று தேடினால் நீலக் குழி, பவளப்பாறை, தீவு விடுதி என்று படம் படமாக வந்து விழும். தெற்கே மழையிலும் மலையிலும் சோளமும் கக்காவும் (சாக்லேட்டுக்கான கொக்கோ) விளைவித்து வாழ்கிற மக்களைப் பற்றித் தமிழில் தேடினால் கிடைப்பது குறைவு. டொலேடோ பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் வருகிற கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். நிலம் யாருடையது என்ற கேள்வி கொஞ்சம் கீழே இருக்கிறது. நேரம் குறைவு என்றால் அதை மட்டுமாவது படியுங்கள்.

டொலேடோ எங்கே இருக்கிறது?

மெக்சிகோவுக்குத் தெற்கே, குவாத்தமாலாவுக்குக் கிழக்கே, கரீபியன் கடலை ஒட்டிய சின்ன நாடு பெலீஸ். 1973 வரை அதற்கு பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் என்று பெயர், 1981 செப்டம்பரில் விடுதலை பெற்றது. மத்திய அமெரிக்காவில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக வைத்திருக்கும் ஒரே நாடும் அதுதான். மொத்தம் ஆறு மாவட்டங்கள், தென்கோடியில் இருப்பது டொலேடோ. பரப்பளவு ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர். 2010 கணக்கெடுப்பின்போது அங்கே 30 ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் இருந்தார்கள். தலைநகர் புன்டா கோர்டா. கடலோரமாக நாலைந்து தெருக்கள், நடுவில் ஒரு மணிக்கூண்டு, அவ்வளவுதான் ஊர். உள்ளூரில் எல்லாரும் 'பி.ஜி.' என்றுதான் சொல்வார்கள்.

நிலம் எப்படிப்பட்டது?

வடமேற்கே மாயா மலைகள். அங்கிருந்து இறங்கினால் சுண்ணாம்புக் குன்றுகள், அந்தக் குன்றுகளுக்குள் குகைகள், குகைக்குள்ளிருந்தே புறப்பட்டு வரும் ஓடைகள். அப்புறம் சமவெளி, கடைசியில் அலையாத்திக் காடு, கடல். ரியோ கிராண்டே, மோஹோ, டெமாஷ், சார்ஸ்டூன் என்று வரிசையாக ஆறுகள் கிழக்கே ஓடிக் கடலில் சேர்கின்றன. இவற்றில் சார்ஸ்டூன்தான் குவாத்தமாலாவுடனான தெற்கு எல்லை.

குன்றுப் பகுதி மண் வளமானது. தாழ்ந்த பகுதிகளில் களிமண், தண்ணீர் சீக்கிரம் வடியாது. மாயா பழங்குடி மக்களின் கிராமங்கள் பெரும்பாலும் குன்றுகளை ஒட்டியே அமைந்திருப்பதற்கு இது ஒரு காரணம். கடலோரம் காரிஃபுனா மக்களும் (இவர்களைப் பற்றிக் கீழே), ஆப்பிரிக்க-ஐரோப்பியக் கலப்பு வழிவந்த கிரியோல் மக்களும் வாழும் மீன்பிடி ஊர்கள்.

மழை அவ்வளவு பெய்யுமா?

பெய்யும். நாட்டின் வடக்கே ஆண்டுக்கு 1,500 மி.மீ. அளவில் பெய்தால் தெற்கே 4,000 மி.மீ. வரை போகிறது. பிப்ரவரியிலிருந்து மே வரை ஓரளவு வறண்ட காலம், ஜூனில் பிடிக்கும் மழை மாதக்கணக்கில் விடாது. மண்ணைத் தொடுகிற எந்த வேலைக்கும் அங்கே மழைதான் நாட்காட்டி.

புயலும் உண்டு. 2001 அக்டோபர் 8 இரவு ஐரிஸ் புயல் மங்கி ரிவர் ஊருக்குப் பக்கத்தில் கரையேறி, உள்நாட்டு மாயா கிராமங்கள் வரை வீட்டுக்கூரைகளையும் பயிரையும் நிழல்மரங்களையும் அடித்துப்போட்டது. கடலோர ஊர்களுக்குத்தான் புயல் என்று நினைத்திருந்த மலையடிவாரத்துக் குடும்பங்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தன. நட்டு வளர்த்த கக்காவ் மரம் போனால் அது ஒரு பருவத்து இழப்பு இல்லை, பல வருட உழைப்பு.

மாயா மக்கள் அழிந்துபோய்விட்டார்கள் என்று படித்தோமே?

இல்லை. கைவிடப்பட்டவை பழைய நகரங்கள்தான், மக்கள் இருந்துகொண்டுதான் இருக்கிறார்கள். டொலேடோவின் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு மாயா மக்கள். அவர்களில் இரண்டு பிரிவு: மோபான், கெக்சி. மோபான்களின் பெரிய ஊர் சான் அன்டோனியோ, கெக்சிகளின் பெரிய ஊர் சான் பெட்ரோ கொலம்பியா. இரண்டும் மாயா மொழிகள்தான் என்றாலும் ஒருவர் தன் மொழியில் பேசினால் மற்றவருக்குப் புரியாது, அந்த அளவுக்கு விலகிய கிளைகள். ஆனால் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒரே ஊரில் கலந்து வாழும் குடும்பங்கள் ஏராளம். பள்ளியில் ஆங்கிலம், சந்தையில் ஆங்கிலத்திலிருந்து உருவான கிரியோல் மொழி, எல்லைப் பக்கம் ஸ்பானிஷ், வீட்டில் தாய்மொழி. நாலு மொழி பேசும் விவசாயி அங்கே சாதாரணம்.

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கீழே சொல்லியிருக்கும் நில வழக்கில் இதையே அவர்களுக்கு எதிராகத் திருப்பினார்கள். இன்றைய கிராமங்கள் பலவும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவானவை என்பது உண்மை. 1880களில் குவாத்தமாலாவின் சான் லூயிஸ் பகுதியிலிருந்து வரிக்கும் கட்டாய வேலைக்கும் தப்பி வந்த மோபான்கள் சான் அன்டோனியோவை அமைத்தார்கள். அதே காலத்தில் குவாத்தமாலாவின் ஆல்டா வெராபாஸ் பகுதியில் ஜெர்மானியர்களின் காபித் தோட்டங்கள் பரவ, நிலம் பறிபோன கெக்சிகள் கிழக்கே நகர்ந்தார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் டொலேடோ வெறும் காடாகக் கிடக்கவில்லை. மஞ்சே சோல் என்ற மாயா மக்களும் மோபான்களும் அங்கே இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பானியர்கள் மஞ்சே சோல் மக்களைப் பிடித்துக் குவாத்தமாலா மேட்டுநிலத்துக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். எல்லைக்கோடு வருவதற்கு முன்பே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து, மணந்து, விதைத்து வாழ்ந்த மக்களை, பின்னால் வரைந்த ஒரு கோட்டைக் காட்டி 'வந்தேறிகள்' என்று சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து.

மில்பா என்றால் என்ன?

சோளம் விளைவிக்கும் கொத்துக்காடு. (இந்தப் பக்கம் முழுக்க சோளம் என்றால் மக்காச்சோளம்தான்.) வறண்ட மாதங்களில் ஒரு துண்டுக் காட்டை வெட்டி, காயவிட்டு, மழை இறங்கும் முன் எரித்து, சாம்பல் மண்ணில் விதைப்பார்கள். ஓரிரு வருடம் விளைந்ததும் அந்தத் துண்டைக் காட்டுக்கே விட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். பல வருடம் கழித்துத்தான் பழைய இடத்துக்குத் திரும்புவது.

விதைப்பு நாளைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பழைய முறையை விடாத குடும்பங்களில் முதல் நாள் இரவு விதைச்சோளத்தை வீட்டுக்குள் வைத்து, கோபால் என்ற மரத்தின் பிசினைப் புகைத்து, வேண்டிக்கொண்டு விழித்திருப்பார்கள். விடிந்ததும் உறவுக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் திரண்டு வருவார்கள். ஆளுக்கொரு கூர்சீவிய கம்பு, தோளில் விதைப்பை. வரிசையாக நின்று கம்பால் குழி குத்தி, நாலைந்து விதையைப் போட்டு, அடுத்த குழிக்கு நகர்வார்கள். உழவு கிடையாது, அந்தச் சரிவில் ஏர் ஓட்டினால் முதல் மழையிலேயே மண் ஆற்றுக்குப் போய்விடும். வேலை முடிந்ததும் எல்லாருக்கும் வீட்டுக்காரர் சாப்பாடு, பெரும்பாலும் சிவப்புக் குழம்பில் வெந்த கோழியோ பன்றியோ, கூடவே சுடச்சுடச் சோள ரொட்டி, குடிக்கக் கக்காவ். கூலி என்று காசு கைமாறாது. வந்தவர் ஒவ்வொருவருடைய வயலுக்கும் இவர் ஒரு நாள் போய் விதைத்தாக வேண்டும்.

மழைக்காலச் சோளம் தவிர, நவம்பர் டிசம்பரில் ஆற்றோர ஈரநிலத்தில் இரண்டாவது சோளம் போடுவதுண்டு. அதற்கு மாட்டஹாம்ப்ரே என்று பெயர். சேமித்த சோளம் தீரும் நேரத்தில் கைகொடுப்பது அது. எரிக்க மாட்டார்கள், வெட்டிப்போட்ட செடிகொடிகள் மட்கி அதுவே உரமாகிவிடும்.

காட்டை எரிப்பது தப்பில்லையா?

இதைக் கேட்காதவர் இல்லை. சுற்றிலும் காடு நிறைய இருந்து, ஆட்கள் குறைவாக இருந்து, நிலத்துக்கு நீண்ட ஓய்வு கிடைத்தால் மில்பா காட்டை அழிப்பதில்லை. திரும்ப வளரும் இளங்காட்டிலிருந்துதான் கூரைக்கு ஓலை, மருந்துக்கு மூலிகை, கூடை முடைய ஹிப்பிஹாப்பா என்ற செடியின் நார் எல்லாம் கிடைக்கிறது. ஓய்வு குறைந்தால் கெடுதல்தான், அதை அங்குள்ள விவசாயிகளே சொல்வார்கள். ஊர் பெருகி, நிலம் வேலி வேலியாகப் பிரிந்து, அதே துண்டுக்கு நாலே வருடத்தில் திரும்பி வர நேர்ந்தால் களைதான் மிஞ்சும். வறட்சி வருடங்களில் தீ கைமீறுவதும் உண்மை. 2024 மே மாதம் டொலேடோவில் பரவிய காட்டுத்தீ கக்காவ் தோட்டங்களையும் விடவில்லை.

இதற்கு மாற்றாக யாஷ்சே என்ற உள்ளூர்ப் பாதுகாப்பு அமைப்பு விவசாயிகளோடு சேர்ந்து இங்கா மர வரிசைகளுக்கு நடுவே சோளம் விதைப்பதைப் பரப்பி வருகிறது. மரத்தைக் கவாத்து செய்து இலையை மண்ணில் பரப்பினால் களை அடங்கும், எரிக்கத் தேவையில்லை. ட்ரியோ ஊர் விவசாயிகள் காப்புக்காட்டுக்குள்ளேயே அரசு அனுமதியோடு நிழலில் கக்காவ் வளர்க்கிறார்கள். காட்டிலிருந்து விவசாயியை விரட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கக்காவ் பற்றிச் சொல்லுங்கள். சாக்லேட்டில் டொலேடோ பெயர் அடிபடுகிறதே?

மாயா மக்களுக்குக் கக்காவ் பணப்பயிர் ஆவதற்கு முன்பே குடிபானம். கொட்டையை வறுத்து, தோலை நீக்கி, கல்லில் அரைத்துத் தண்ணீரில் கரைப்பது. சர்க்கரையும் பாலும் போட்ட சாக்லேட் பானத்தை மனதில் வைத்துக்கொண்டு குடித்தால் திகைத்துப்போவீர்கள், அது கசப்பும் நறுமணமும் கலந்தது.

1980களில் வெளிநாட்டு உதவித் திட்டங்கள் வழியாக ஏற்றுமதிக்கென்று கக்காவ் நடச் சொன்னார்கள். மரங்கள் காய்க்கத் தொடங்கிய சமயத்தில் விலை சரிந்தது, பலர் பறிக்காமலேயே விட்டுவிட்டார்கள். பிறகு லண்டனைச் சேர்ந்த கிரீன் அண்டு பிளாக்ஸ் நிறுவனம் டொலேடோ கக்காவ் விவசாயிகள் சங்கத்தோடு நீண்டகால விலை பேசிக் கொட்டை வாங்கியது. 1994இல் வந்த அவர்களுடைய 'மாயா கோல்டு' சாக்லேட்தான் பிரிட்டனில் நியாய வர்த்தக முத்திரை (விளைவித்தவருக்கு நியாய விலை கிடைத்ததைக் காட்டுவது) பெற்ற முதல் பொருள். விலை இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்ததால் மக்கள் மறுபடி தோட்டத்துக்குள் போனார்கள். பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பக் கையில் காசு கிடைத்தது என்று பல குடும்பங்கள் சொல்கின்றன. அதன் பிறகு வாங்க வருபவர்கள் கூடினார்கள், மாவட்டத்திலேயே சின்னச் சின்ன சாக்லேட் பட்டறைகளும் முளைத்தன.

பதமாக்குவதுதான் இதில் சூட்சுமம். காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு கொட்டையை மரப்பெட்டியில் கொட்டி, வாழையிலையால் மூடி, ஐந்தாறு நாள் புளிக்க வைக்க வேண்டும். இடையிடையே புரட்டிவிட வேண்டும். பெட்டிக்குள் கை வைத்தால் சுடும், காடி வாடை மூக்கில் ஏறும். அதற்குப் பிறகு வெயிலில் காயப்போடுவது. 4,000 மி.மீ. மழை பெய்கிற ஊரில் கொட்டையைக் காயவைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று யோசித்துப் பாருங்கள், ஒரு மேகம் திரண்டால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓட வேண்டும். மொனிலியா என்ற பூஞ்சை நோயும் காயைக் கருக்குகிறது. முக்கியமான வழி, வாரம் தவறாமல் நோய்க்காயை அறுத்துப் போடுவதுதான்.

நெல் விளையுமா?

விளையும். மலைச்சரிவில் மானாவாரியாக நெல் போட்டு, பிக் ஃபால்ஸ் ஊர் ஆலைக்கு விற்பது நீண்ட காலம் பல குடும்பங்களுக்கு முக்கிய வருமானமாக இருந்தது. இப்போது நாட்டின் நெல்லில் பெரும்பகுதி வடக்கே மென்னோனைட்டுகள் என்ற ஐரோப்பிய வேர் கொண்ட கிறிஸ்தவப் பிரிவினரின் இயந்திரப் பண்ணைகளிலிருந்து வருகிறது. குழி குத்தி விதைத்து, கத்தியால் கதிர் அறுக்கிறவர் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாது.

சரி, நிலம் யாருடையது?

மொத்தக் கதையும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மாயா கிராமங்களில் நிலம் ஊருக்குப் பொது. இந்த வருடம் யார் எந்தத் துண்டில் விதைப்பது என்பதை ஊர் பேசி முடிவு செய்யும், பயிரும் நட்ட மரமும் நட்டவருக்குச் சொந்தம், ஆனால் மண்ணை வெளியாளுக்கு விற்க முடியாது. பிரிட்டிஷ் காலத்தில் சில பகுதிகளை 'ரிசர்வேஷன்' என்று ஒதுக்கினார்கள், அதுவும் அரசு நிலம் என்ற கணக்கில்தான். அதாவது, தலைமுறையாக உழைத்தவர்களின் கையில் ஒரு காகிதமும் இல்லை.

1990களின் நடுவில் அரசு அந்தக் காடுகளில் மரம் வெட்ட மலேசிய நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தது. ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரிந்தது பின்னால்தான். எதிர்த்து ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டியவர் ஜூலியன் சோ, பள்ளி ஆசிரியர். 1998இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். மாவட்டத்தில் ஒரு தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி இன்று அவர் பெயரில் இருக்கிறது.

வழக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் வரை போனது, 2004இல் ஆணையம் மாயா மக்கள் பக்கம் அறிக்கை தந்தது. அரசு அசையவில்லை. சாந்தா குரூஸ், கோனெஹோ ஆகிய இரண்டு கிராமங்கள் பெலீஸ் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2007 அக்டோபரில் தலைமை நீதிபதி அப்துலாய் கான்டே அவர்களின் மரபுவழி நில உரிமை சொத்துரிமைதான், அரசியலமைப்பு அதைக் காக்கிறது என்று தீர்ப்பளித்தார். 2010இல் அது டொலேடோவின் எல்லா மாயா கிராமங்களுக்கும் நீண்டது. அரசு மேல்முறையீடு செய்ய, கடைசியில் 2015 ஏப்ரல் 22 அன்று கரீபியன் நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆணை பிறந்தது: உரிமை உண்டு, அதைக் காக்கச் சட்டமும் நிர்வாக ஏற்பாடும் அரசு செய்ய வேண்டும், அதுவரை ஊரின் சம்மதமில்லாமல் அந்த நிலத்தில் தலையிடக் கூடாது. அதே ஆண்டு மாயா தலைவர்கள் கூட்டமைப்புக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசும் கிடைத்தது.

வென்றாயிற்றா என்று கேட்டால், சட்டத்தில் வென்றார்கள். எல்லை அளப்பது, எந்த ஊர் எதுவரை என்று முடிவு செய்வது, தனிப்பட்டா வைத்திருப்பவர்களை என்ன செய்வது, இதிலெல்லாம் இழுபறி தொடர்கிறது. எல்லையோர ஹலாக்தே ஊரின் நிலத்தில் கேட்காமல் சாலை போட்டதற்காக 2021இல் மறுபடி நீதிமன்றம் போய்த்தான் நியாயம் வாங்க வேண்டியிருந்தது. மாயா மக்களிலும் தனிப்பட்டா வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள், வங்கிக் கடன் வாங்க அது தேவைப்படுகிறது. அவர்கள் சொல்வதையும் ஒதுக்க முடியாது. ஆனால் விற்கக்கூடிய துண்டுகளாகப் பிரித்துவிட்டால் முதல் கடன் நெருக்கடியிலேயே நிலம் கைமாறும். மில்பாவின் ஓய்வுக் கணக்கு, ஆள் மாற்றி ஆள் விதைக்கும் வழக்கம், எல்லாம் பொது நிலத்தின் மேல் நிற்கிறது. என் மனம் ஊர்ப் பொது நிலத்தின் பக்கம்தான்.

ஊரை யார் நடத்துகிறார்கள்?

அல்கால்டே. ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் தலைவர், சின்ன வழக்குகளை விசாரித்து அபராதம் போடும் அதிகாரமும் அவருக்குச் சட்டப்படி உண்டு. ஃபஹினா என்ற பொதுவேலைக்கு அவர் கூப்பிட்டால் வீட்டுக்கு ஒரு ஆண் கத்தியோடு வந்து ஊர்ப் பாதை, பள்ளி வளாகம், இடுகாடு எல்லாவற்றையும் செதுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். வராதவர் அபராதம் கட்ட வேண்டும். இது போக அரசு அமைப்பான கிராம சபை தனி, அதன் தலைவர் வேறு ஆள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போனால் நல்லது, கட்சி அரசியல் புகுந்தால் ஊர் இரண்டுபடும்.

அங்கே இந்தியர்கள் இருக்கிறார்களாமே?

இருக்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலத்தார் சிலர் 1860களின் கடைசியில் புன்டா கோர்டாவுக்குப் பக்கத்தில் குடியேறிக் கரும்புத் தோட்டங்கள் வைத்தார்கள். அவற்றில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். பெரும்பாலோர் வட இந்திய வேர் கொண்டவர்கள், ஜமைக்கா வழியாக வந்தவர்களும் உண்டு. கரும்பு நொடித்த பிறகு ஃபாரஸ்ட் ஹோம் போன்ற ஊர்களில் சிறு விவசாயிகளாக நிலைத்தார்கள். தாய்மொழி போய்விட்டது, வீட்டில் பேசுவது கிரியோல். சமையலில் மட்டும் மஞ்சள் போட்ட 'டக்காரி' இன்னும் கொதிக்கிறது, கோஹூன் பனையின் குருத்தை வைத்துச் செய்வது அங்கே பேர்போனது.

காரிஃபுனா மக்கள் யார்?

செயின்ட் வின்சென்ட் தீவில் ஆப்பிரிக்கர்களும் கரிப், அரவாக் பழங்குடிகளும் கலந்து உருவான மக்கள். பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டதால் 1797இல் ஹோண்டுராஸ் கரைக்கு அப்பாலுள்ள ரோவாட்டான் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள், அங்கிருந்து பெலீஸ் கரைக்கும் வந்தார்கள். நவம்பர் 19 அவர்கள் வந்திறங்கிய நாள், நாடு முழுக்க விடுமுறை. டொலேடோவில் புன்டா கோர்டாவும் பாரங்கோவும் அவர்களின் ஊர்கள். மரவள்ளி ரொட்டி, தேங்காய்ப்பால் மீன் குழம்போடு இடித்த வாழைக்காய், பறை. பாடகர் ஆண்டி பலாசியோ பாரங்கோவில் பிறந்தவர், காரிஃபுனா மொழியில் பாடி உலக மேடைகளுக்குக் கொண்டுபோனவர், 2008இல் மறைந்தார். ஊரில் இன்று முதியவர்கள்தான் அதிகம், இளையவர்கள் வேலை தேடிப் போய்விட்டார்கள்.

வேறு யார்?

மங்கி ரிவர் பக்கம் கிரியோல் மக்கள். வடபகுதி வாழைத் தோட்டங்களை ஒட்டி பெல்லா விஸ்டா போன்ற ஊர்களில் குவாத்தமாலா, ஹோண்டுராஸிலிருந்து வந்த ஸ்பானிஷ் பேசும் தொழிலாளர்கள். பைன் ஹில்லில் குதிரை வண்டி ஓட்டும் பழைய வழி மென்னோனைட்டுகள்.

நாட்டிலேயே ஏழை மாவட்டம் என்கிறார்களே?

கணக்கு அப்படித்தான் சொல்கிறது. 2002 ஆய்வில் டொலேடோவில் 79 சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே, மற்ற எந்த மாவட்டத்தையும்விட அதிகம். காசு தட்டுப்பாடு உண்மை. மருத்துவம், மேல்படிப்பு, பேருந்துக் கட்டணம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும், பல பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியோடு நின்றுபோவதற்குக் காரணம் அதுதான். அதே நேரம், தன் சோளம், தன் அவரை, தன் கோழி, ஊர்க்காட்டு ஓலையில் வேய்ந்த வீடு என்று இருக்கும் குடும்பத்தின் செல்வம் அந்தக் கணக்கில் முழுசாக ஏறுவதில்லை. ஏழ்மையைத் தீர்க்கிறேன் என்று நிலத்தைப் பிரிக்கவோ, காட்டை வெளியாளுக்குக் கொடுக்கவோ கிளம்பும் திட்டங்கள் அந்தக் குடும்பத்திடம் இருப்பதையும் பிடுங்கிவிடும்.

குவாத்தமாலாவோடு எல்லைத் தகராறு உண்டா?

நீண்ட காலமாக உண்டு. பெலீஸின் பெரும்பகுதிக்கு, முக்கியமாகத் தெற்குப் பகுதிக்கு, குவாத்தமாலா உரிமை கோருகிறது. 2018இல் அங்கேயும் 2019 மே மாதம் பெலீஸிலும் வாக்கெடுப்பு நடத்தி, விவகாரத்தைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். சார்ஸ்டூன் ஆற்றில் அவ்வப்போது பதற்றம் வரும். எல்லையின் இரண்டு பக்கமும் கெக்சி உறவினர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குள் கல்யாணமும் வியாபாரமும் எப்போதும்போல நடக்கிறது.

பார்க்க என்ன இருக்கிறது? பழைய மாயா மக்கள் செதுக்கியதாகச் சொல்லப்படும் படிகக் கபாலம் கிடைத்த இடம் இதுதானே?

கிடைக்கவில்லை. லுபான்டுன் என்ற மாயா நகர இடிபாட்டில் கண்டெடுத்ததாக மிட்செல்-ஹெட்ஜஸ் குடும்பம் பரப்பிய அந்தக் கபாலம், 1943இல் லண்டன் ஏலத்துக்கு வந்த பிறகு காசு கொடுத்து வாங்கியது. கபாலத்தை விட்டுவிட்டு லுபான்டுனின் கட்டடத்தைப் பாருங்கள்: சாந்து இல்லாமல் செதுக்கி அடுக்கிய கற்கள், முனைகள் வளைந்த மேடைகள். இன்னொரு மாயா இடிபாடான நிம் லி புனித்தில் 9 மீட்டருக்கும் உயரமான செதுக்குக் கல் உண்டு. 2015இல் அங்கே தோண்டியபோது கல்வெட்டு பொறித்த பெரிய பச்சைக்கல் மார்பணி ஒன்றும் கிடைத்தது.

எப்படிப் போவது, எப்போது போவது?

பெலீஸ் சிட்டியிலிருந்து தெற்கு நெடுஞ்சாலையில் பேருந்து, கிட்டத்தட்ட 6 மணி நேரம். சின்ன விமானமும் உண்டு, குவாத்தமாலாவின் புவர்ட்டோ பாரியோஸிலிருந்து படகும் உண்டு. பிப்ரவரியிலிருந்து மே வரை போனால் பாதை காய்ந்திருக்கும், மே மாதம் சாக்லேட் திருவிழா வேறு. புன்டா கோர்டாவில் திங்கள், புதன், வெள்ளி, சனி சந்தை நாள். அன்று விடிகாலையில் கிராமப் பேருந்துகள் மூட்டைகளோடு வந்து, நண்பகல் வாக்கில் திரும்பும். கிராமத்தில் தங்க நினைத்தால் அதே பேருந்தில் ஏறிவிடுங்கள், அதை விட்டால் அடுத்த சந்தை நாள் வரை காத்திருக்க நேரிடலாம். படம் எடுக்கும் முன் கேளுங்கள், கூடை வாங்கினால் முடைந்தவரின் கையில் காசைக் கொடுங்கள்.